ஆயுட் கணக்கர்



சென்ற ஆண்டு ஒரு நாள், உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் அதிபர் அறை வாயிலில் வந்து நின்றான். "சேர், அக்சுவரி என்றால் என்ன வேலை? அதற்கு எங்கே படிப்பது?" என்று கேட்டான். பல்கலைக்கழகக் கைந்நூலைப் புரட்டியபோது அச்சொல் அவன் கண்ணிற் பட்டதாம். நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்துக் காலங் கழித்தவன். அவனுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆயினும், ஒரு தொழில் இன்னதென்று விளங்காவிடின் அது எவ்வாறு பிறந்தது என்று தேடிப் பார்ப்பது வரலாறு படித்தவனுடைய பழக்கம். அவ்வாறு தேடியதில் அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். காப்புறுதிக் கணிப்பாளர் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். ஆயினும் ஆயுட் கணக்கர் என்பதே எனக்கு உகந்த பெயராகத் தோன்றுகிறது.

தொடங்குமுன் என் சொந்த அநுபவம் ஒன்றைக் கூறவேண்டும். நம் கிராமங்கள் தோறும் மரண உதவிச் சங்கங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஆசிரியராயிருந்த ஊரில் அத்தகைய சங்கம் ஒன்றுக்குப் பொருளாளனாயிருந்தேன். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா ஒரே அளவு. எந்த வீட்டில் இழவு நேர்ந்தாலும் கொடுக்கும் தொகையும் ஒரே அளவு. தொடங்கிய காலத்தில் உறுப்பினர் பெரும்பாலும் இளங் குடும்பத்தினர். பெட்டியிற் பணம் சேர்ந்தது. கூட்டந்தோறும் கைதட்டல் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழிந்ததும் உறுப்பினருக்கும் வயது ஏறியது. மரணங்கள் அடுத்தடுத்து வந்தன. சந்தாவைக் கூட்டினோம். கூட்டியவுடன், கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகத் தொடங்கியிருந்த இளைஞர் விலகினர். அவர்கள் விலக, எஞ்சியோர் மேலும் முதியோர் ஆயினர். கடைசியில், உழைப்பாளியை இழந்த ஒரு வீட்டின் முற்றத்தில், வாக்களித்த தொகையிற் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு சதமேனும் பிழை இருக்கவில்லை. ஆயினும் எங்கோ ஒரு பெரிய பிழை இருந்தது. அது எங்கே இருந்தது என்பதை இந்த வரலாற்றைப் படித்த பின்பே தெளிவாக அறிந்தேன்.

இலண்டனில் 1706ஆம் ஆண்டிலேயே இதே முறையில் ஒரு சங்கம் நிறுவப்பட்டிருந்தது. நேயச் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் வயது வேற்றுமையின்றி ஆண்டுதோறும் ஒரே தொகை செலுத்தினர். அவ்வாண்டில் மாண்டவர் எத்தனை பேரோ அத்தனை குடும்பங்களுக்குத் திரண்ட பணம் பங்கிடப்பட்டது. பலர் மாண்ட ஆண்டில் பங்கு சிறுத்தது. சிலரே மாண்ட ஆண்டில் பங்கு பெருத்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரை அச்சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வாறு மறுக்கப்பட்டவருள் ஒருவர் ஜேம்ஸ் டொட்சன். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். இலண்டனிலே கிறைஸ்ற் ஹொஸ்பிற்றல் என்னும் பாடசாலையிற் கணிதம் கற்பித்தவர். வயது மிகுந்தவரைச் சேர்க்க முடியாது என்ற விடையைக் கேட்டு அவர் வாளா இருக்கவில்லை. வயதுக்கேற்ற கட்டணம் வாங்கினால் எவரையும் சேர்க்கலாமே என்று எண்ணி, அதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார்.

அக்கணக்குக்கு அடிப்படை ஒன்று வேண்டும் அல்லவா? இருபது வயதினனுக்கும் ஐம்பது வயதினனுக்கும் மரணம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அறிவது எங்ஙனம்? அதற்கு வழி காட்டியவர் வால்வெள்ளியால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி. அவர் 1693இல் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். அதற்கு வேண்டிய எண்கள் இலண்டனிலிருந்து கிடைக்கவில்லை. இன்று போலந்து நாட்டைச் சேர்ந்த பிரெஸ்லோ என்னும் நகரிலிருந்து கிடைத்தன. அங்கே காஸ்பர் நோய்மன் என்ற பாதிரியார் பிறப்பு இறப்புகளை வயதோடு குறித்து வைத்திருந்தார். அவர் அவ்வாறு குறித்ததற்குக் காரணம் சுவையானது. ஏழின் மடங்காக வரும் வயதுகள் உயிருக்கு ஆபத்தானவை என்ற நம்பிக்கை அந்நாட்டிற் பரவியிருந்தது. நம் சாதகங்களிற் கண்டம் என்று சொல்வதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மெய்யா பொய்யா என்று பார்க்கவே அவர் எண்ணினார். நாற்பத்தொன்பதிலும் அறுபத்து மூன்றிலும் மரணம் தனியே மிகுந்திருக்கவில்லை. சோதிடத்தைச் சோதிக்கச் சேர்த்த எண்கள் காப்புறுதிக்கு வித்தாயின.

ஹாலியின் அட்டவணை ஒரு வயதுடைய 1,000 குழந்தைகளோடு தொடங்குகிறது. இருபது வயதில் 598 பேர் எஞ்சுகின்றனர். நாற்பதில் 445 பேர். அறுபதில் 242 பேர். எண்பதில் 41 பேர். இருபது வயதினன் ஓராண்டுக்குள் இறவாதிருப்பதற்கு 100க்கு 1 என்ற அளவிற் பந்தயம் கட்டலாம் என்றும், ஐம்பது வயதினனுக்கு அது 38க்கு 1 தான் என்றும் அவர் எழுதினார். தனி மனிதன் எப்போது சாவான் என்பதை எவரும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் மறைவர் என்பதையோ ஏறக்குறையச் சொல்ல முடியும். இந்தத் தொழில் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

டொட்சன் கண்ட முறையைச் சற்று விளக்கவேண்டும். வயது ஏற ஏறக் கட்டணத்தையும் ஏற்றினால், முதுமையில் ஒருவராலும் கட்ட இயலாது. ஆதலால், சேரும் வயதைப் பார்த்து ஆயுள் முழுவதற்கும் ஒரே கட்டுப்பணத்தை விதிக்க வேண்டும் என்றார். இளமையில் ஒருவர் செலுத்துவது அவ்வயதின் ஆபத்துக்கு வேண்டியதிலும் மிகுதி. முதுமையிற் செலுத்துவது வேண்டியதிலுங் குறைவு. இளமையில் மிகுந்த பணம் வட்டியோடு வளர்ந்து முதுமையின் குறையை நிரப்பும். ஆகவே, சங்கத்தின் பெட்டியில் ஆரம்ப ஆண்டுகளிற் குவியும் பணம் இலாபமன்று, அது கடன். நானும் என் தோழர்களும் செய்த பிழை இதுவே. பெட்டியிற் பணம் இருந்த ஆண்டுகளில் அதனை மிச்சம் என்று நம்பி, வாசிகசாலைக்கு நாற்காலிகள் வாங்கினோம்.

டொட்சன் தம் திட்டம் நிறைவேறியதைக் காணவில்லை. 1757இல் இறந்தார். அரச சாசனம் கேட்டுச் செய்த விண்ணப்பமும் 1761இல் மறுக்கப்பட்டது. எனினும் அவருடைய கூட்டாளிகள் 1762இல் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்து, ஈக்விற்றபிள் சங்கத்தை நிறுவினர். அதனை முன்னின்று அமைத்தவருள் எட்வேட் றோ மோர்ஸ் என்பார் ஒரு பழம்பொருள் ஆராய்ச்சியாளர். உரோமாபுரியில் மன்றத்தின் நடவடிக்கைகளை எழுதி வைத்த எழுத்தருக்கு வழங்கிய பழைய பெயரைத் தேடி எடுத்து, சங்கத்தின் தலைமை அலுவலருக்கு அவரே சூட்டினார். ஆகவே அக்சுவரி என்ற சொல்லுக்கு முதலில் எழுத்தர் என்பதைவிடப் பெரிய பொருள் இருக்கவில்லை. அதற்குக் கணிதப் பொருளைத் தந்தவர் வில்லியம் மோர்கன். மருந்துத் தொழில் பயின்ற அந்த வேல்ஸ் நாட்டு இளைஞர், தம் தாய்மாமனான ரிச்சட் பிறைஸ் என்பாரின் தூண்டுதலாற் கணிதம் கற்று, 1775இல் அப்பதவிக்கு வந்து 1830 வரை 55 ஆண்டுகள் இருந்தார். ஒரு சங்கம் இன்று வரை கொடுத்த வாக்குறுதிகள் அனைத்தையும் இன்றைய பெறுமதிக்கு மாற்றி, கையிருப்புப் போதுமா என்று நிறுத்துப் பார்க்கும் வேலையை ஒழுங்காகத் தொடங்கியவர் அவர்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. பிறைஸ் என்பார் நோதாம்டன் என்னும் ஊரின் கோயிற் பதிவுகளைக்கொண்டு ஓர் ஆயுள் அட்டவணை அமைத்தார். அந்த ஊரிற் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்விக்காத சமயப் பிரிவினர் பலர் இருந்தனர். அவர்களின் குழந்தைகள் பிறப்புக் கணக்கில் வரவில்லை. அவர்களின் பிணங்களோ இறப்புக் கணக்கில் வந்தன. அதனால் அவ்வட்டவணையில் மனிதர் உண்மையில் இறப்பதைவிட விரைவாக இறந்தனர். அதனைப் பயன்படுத்திய காப்புறுதிச் சங்கத்துக்கு நட்டமில்லை, மக்கள் எதிர்பார்த்ததிலும் நெடுநாள் வாழ்ந்து கட்டுப்பணம் செலுத்தினர், சங்கம் கொழுத்தது. ஆனால் பிரித்தானிய அரசு 1808இல் அதே அட்டவணையை வைத்து ஆயுட்கால ஆண்டுத்தொகைகளை விற்றது. உயிரோடிருக்கும் வரை ஆண்டுதோறும் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் அது. மக்கள் நெடுநாள் வாழ்ந்தனர். அரசின் பணம் கரைந்தது. ஒரே பிழை, ஒரு பக்கம் இலாபம், மறுபக்கம் பெருநட்டம். அதனைக் கணக்கிட்டு அரசுக்கு எடுத்துக்காட்டியவர் ஜோன் பின்லேசன்.

இனி, தகுதி என்ற விடயத்துக்கு வருவோம். 1819இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், தொழிலாளரின் உதவிச் சங்கங்கள் பற்றி ஒரு சட்டம் செய்தது. சங்கத்தின் கட்டண அட்டவணையைத் தொழில்முறைக் கணிப்பாளர் அல்லது கணக்கில் வல்லார் இருவரேனும் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்பது அதன் விதி. யார் கணிப்பாளர் என்று சட்டம் சொல்லவில்லை. விளைவு யாதெனில், ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரும் கணக்கப்பிள்ளையும் கையொப்பமிட்டனர். 1825இல் இதனை ஆராய்ந்த பாராளுமன்றக் குழு, சில்லறைப் பள்ளி ஆசிரியர்களின் அபிப்பிராயத்தை நோயும் ஆயுளும் பற்றிய விடயத்தில் நம்ப முடியாது என்ற கருத்துப்பட வருந்தி எழுதியது. ஒரு பள்ளி ஆசிரியரே தோற்றுவித்த கலையில், பள்ளி ஆசிரியரின் கையொப்பம் நம்பத்தகாததாயிற்று! தொழில் வழியில் எனக்கு இது சற்றுக் கசப்பே. ஆனால் மரண உதவிச் சங்கத்தின் முன்னாட் பொருளாளன் என்ற முறையில், அக்குழுவோடு நான் வழக்காட மாட்டேன்.

இந்தக் குறையைத் தீர்க்கவே 1848இல் இலண்டனிற் கணிப்பாளர் நிறுவகம் தோன்றியது. மேற்சொன்ன பின்லேசனே அதன் முதல் தலைவர். 1850இல் முதற் பரீட்சை நடைபெற்றது. 1856இல் ஸ்கொட்லாந்தினர் எடின்பரோவிலே தமக்கெனத் தனிக் கழகம் அமைத்துக்கொண்டனர். இலண்டன் நிறுவகத்துக்கு 1884இல் அரச சாசனம் கிடைத்தது. பரீட்சைகள் அனைத்திலும் தேறியவரே முழு உறுப்பினர் என்ற நிலை மெல்ல மெல்ல உறுதிப்பட்டது. பெண்களுக்கு 1919 வரை அதன் கதவு திறக்கவில்லை. 1923இல் டொரதி டேவிஸ் என்னும் பெண்மணி முதன்முதலாக முழு உறுப்புரிமை பெற்றார். இலண்டன் நிறுவகமும் எடின்பரோக் கழகமும் 2010இல் ஒன்றாயின.

தமிழ் நேயர்களுக்கு இவ்வரலாற்றில் எதிர்பாராத உறவொன்று உண்டு. நமது மாணவர்கள் தொடைகளைப் பற்றிப் படிக்கும்போது டி மோர்கனின் விதிகளை மனனம் செய்கிறார்கள் அல்லவா? அந்த ஒகஸ்தஸ் டி மோர்கன் பிறந்தது மதுரையில், ஆண்டு 1806. தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் படை அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தைக்கு ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாயிருக்கையில் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அவருடைய தாயார் யார் என்று நினைக்கிறீர்கள்? நாம் முன்பு கண்ட ஜேம்ஸ் டொட்சனின் பேர்த்தி! சிறுவயதில் டி மோர்கன் தம் முப்பாட்டனைப் பற்றி உறவினரிடம் விசாரித்தபோது, அவரைப் பற்றிப் பேச அவர்கள் விரும்பவில்லையாம். குடும்பத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார் என்பது அவர்களுக்கு மதிப்புக் குறைவாகத் தோன்றியது. டி மோர்கனோ வெட்கப்படவில்லை. இலண்டனிற் கணிதப் பேராசிரியராயிருந்துகொண்டே காப்புறுதி நிலையங்களுக்குக் கணிப்பு ஆலோசனை வழங்கினார். 1838இல் நிகழ்தகவையும் ஆயுட் காப்புறுதியையும் பற்றி ஒரு நூலும் எழுதினார். கேம்பிரிட்ஜில் முதுமாணிப் பட்டம் பெறச் சமயக் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்ற விதிக்கு அவர் இணங்கவில்லை. ஆதலால் அப்பட்டம் இன்றியே வாழ்ந்தார். எந்தக் கையொப்பம் தகுதிக்கு அடையாளம், எது அன்று என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

மதுரையிற் பிறந்த ஆங்கிலக் குழந்தையின் உயிருக்கும், அதே மதுரையிற் பிறந்த தமிழ்க் குழந்தையின் உயிருக்கும் காப்புறுதிக்காரர் வெவ்வேறு விலை வைத்தனர். கல்கத்தாவில் 1818இலேயே ஆயுட் காப்புறுதி நிலையம் தோன்றியது. சென்னையிலும் 1829இல் ஒன்று இருந்தது. அவை முதலில் ஐரோப்பியருக்காகவே நடந்தன. பின்னர் இந்தியரைச் சேர்த்தபோதும், அவர்கள் விரைவில் இறப்பர் என்று கருதி மேலதிகக் கட்டுப்பணம் அறவிட்டனர். இந்தியருக்கும் ஏனையோருக்குரிய கட்டணமே போதும் என்று துணிந்து முன்வந்தது, 1870இற் பம்பாயில் நிறுவப்பட்ட பரஸ்பர ஆயுட் காப்புறுதிச் சங்கம். அந்த மேலதிகக் கட்டணம் அநீதியா, கணக்கா? அதனைச் சொல்ல வேண்டுமாயின் இந்தியரின் ஆயுளை உள்ளபடி அளந்த அட்டவணை வேண்டும். அது அன்று இல்லை. இல்லாத அட்டவணையின் பெயரால் ஒரு தேசத்தின் உயிருக்கு விலை வைத்தனர் என்பதே என் முறைப்பாடு.

அளக்கும் பணி குடிசன மதிப்பீட்டோடு வந்தது. 1881 முதற் பத்தாண்டுக்கொரு முறை எடுத்த இந்தியக் குடிசன மதிப்பீடுகளுக்கு ஆயுள் அட்டவணை அமைத்தவர்கள் முதலில் ஆங்கிலக் கணிப்பாளர்களே: ஹாடி, அக்லண்ட், மீக்கிள். 1931ஆம் ஆண்டு மதிப்பீட்டின் கணிப்பறிக்கையை எழுதியவர் எல். எஸ். வைத்தியநாதன். அவ்வட்டவணையின்படி பிறந்த இந்தியக் குழந்தையின் எதிர்பார்க்கை ஆயுள் ஏறக்குறைய 27 ஆண்டுகள். பம்பாய் ஓரியன்ரல் காப்புறுதிக் கம்பனியில் 1925 முதல் 1935 வரை காப்புறுதி செய்திருந்தோரின் மரணங்களை வைத்து அமைத்த அட்டவணையும் அக்காலத்ததே. இந்தியக் காப்புறுதிக்கு நெடுங்காலம் அதுவே அளவுகோலாயிருந்தது. அதற்கு முன்பே, 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், கட்டண அட்டவணைகளையும் காலாந்தர மதிப்பீட்டையும் கணிப்பாளர் அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று விதித்துவிட்டது. சட்டம் கணிப்பாளரைக் கேட்டது. கணிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையோ இலண்டனில் இருந்தது. 1944இல் இந்தியாவில் கணிப்பாளர் சங்கம் அமைந்தது. 1956இல் 245 காப்புறுதி நிலையங்கள் ஒன்றாக்கப்பட்டு ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. எனினும் அச்சங்கம் தன் சொந்தப் பரீட்சையை 1989இலேதான் தொடங்கியது. 2006ஆம் ஆண்டின் சட்டம் அதனை நிறுவகமாக்கியது.

நம் நாட்டுக்கு வருகிறேன். நான் வாழும் பலாபத்வல, மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணப் பெருந்தெருவில் அமைந்துள்ளது. இன்று பேருந்துகள் இரைந்தோடும் இத்தெருவழியே, கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளையும் நாலந்தாவும் தாண்டி, கால்நடையாக மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை வந்தோருள் எழுபதினாயிரம் பேர், அதாவது காற்பங்கினர், மாண்டனர் என்று 1849இற் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. ஆனால் ஒரு மதிப்பீட்டுக்கு மேலே அதில் எதுவும் இல்லை. துறையில் வந்தவரை எண்ணினர், திரும்பியவரை எண்ணினர், தெருவோரத்தில் வீழ்ந்தவரை எவரும் எண்ணவில்லை. பிரெஸ்லோ நகரத்துப் பாதிரியாரைப் போன்ற ஒருவர், வயதும் பெயரும் குறிக்கும் ஒருவர், நம் தெருவில் இருக்கவில்லை. நோதாம்டனில் எண்ணப்படாத பிறப்புகள் ஓர் அட்டவணையைக் கெடுத்தன. இங்கே எண்ணப்படாத இறப்புகளால் அட்டவணையே இல்லாமற் போயிற்று.

பிறப்பு இறப்புப் பதிவு இந்நாட்டில் 1867இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. முதற் குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. அவ்விரண்டும் இருந்தாலன்றிக் கணிப்பாளரால் ஒன்றும் செய்ய இயலாது. மேலே இறப்பு, கீழே மக்கள் தொகை, இரண்டையும் வகுத்தே விகிதம் வரும். 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதிய நிதி ஒழுங்குபடுத்தப்பட்டது. அரசாங்க ஊழியன் ஒவ்வொருவனுடைய சம்பளச் சீட்டிலும் அதற்கான கழிவைக் காணலாம். என் சீட்டிலும் மாதந்தோறும் காண்கிறேன். மனைவிக்கு நாம் விட்டுச் செல்லும் வாக்குறுதி அது. அதன் கணக்கு எவ்வளவு நுண்ணியது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் சொல்கிறேன்.

1920 முதல் 1922 வரையிலான கணக்கின்படி இலங்கையில் ஆணின் எதிர்பார்க்கை ஆயுள் 33க்குச் சற்றுக் குறைவு. பெண்ணினது 31க்குச் சற்றுக் குறைவு. முப்பத்திரண்டு வயதில் எல்லாரும் இறந்தனர் என்று இதற்குப் பொருளன்று. குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி தாழ்ந்தது. கொடிய மலேரியா வந்த 1935இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. ஆனால் பெண் ஆணைவிடக் குறைந்த காலம் வாழ்ந்தாள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைப்பேறும் ஊட்டக் குறைவும் அவளைக் கொண்டுபோயின. 1946இல் ஆயிரத்துக்கு இருபதாயிருந்த மரண வீதம், மலேரியா ஒழிப்பும் மருத்துவ வசதிகளும் பெருகியமையால் 1947இற் பதினான்காகக் குறைந்தது. ஒரே ஆண்டில்! 1960களின் முற்பகுதி வரையிலும் ஆண்களே சிறிது முந்தியிருந்தனர். அப்பத்தாண்டு முடியுமுன் பெண்கள் முந்திவிட்டனர். பின்னர் அந்த இடைவெளி பல ஆண்டுகளாக விரிந்தது. கணவனுக்குப் பின் மனைவி சில ஆண்டே வாழ்வாள் என்ற கணக்கில் அமைத்த ஒரு நிதி, அவள் பதினைந்து இருபது ஆண்டு வாழும் காலத்தில் என்ன ஆகும்? மக்கள் வாழ்வது மகிழ்ச்சிக்குரியது. பழைய அட்டவணையோடு வாழ்வது ஆபத்துக்குரியது.

இந்த ஆபத்து வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாற் கமக்காரருக்கு ஓய்வூதியத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. நெல்லும் மிளகும் விளைவிக்கும் எங்கள் பகுதியிலும் பலர் சேர்ந்து தவணைப் பணம் கட்டினர். அறுபது வயதின்பின் சாகும் வரை மாதந்தோறும் பணம் வரும் என்பது வாக்குறுதி. சேர்ந்தவர் இளைஞராயிருந்த வரையில் நிதி பெருகியது. அவர்கள் அறுபதை எட்டத் தொடங்கியதும் வெளியே செல்லும் பணம் உள்ளே வரும் பணத்தை விஞ்சியது. 2012ஆம் ஆண்டளவில் நிதி வற்றி, கொடுப்பனவு நின்றது. 2014இல் அரசாங்கப் பணத்தைக்கொண்டு மீண்டும் தொடங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், தபாற் கந்தோருக்கு வந்து வெறுங்கையோடு திரும்பிய முதியவர் சிலரை நான் அறிவேன். மாதம் ஆயிரம் ரூபா என்பது கொழும்பிலே சிறு தொகையாயிருக்கலாம். மருந்து வாங்க வந்தவருக்கு அது சிறிதன்று. என் மரண உதவிச் சங்கத்துக்கு நேர்ந்த அதே கதை, நாடளாவிய அளவில். அங்கே பொருளாளனாயிருந்தவன் நானாகையால், இங்கே எவரையும் குறைகூற நா எழவில்லை.

காப்புறுதித் துறையில் நிலைமை வேறு. 1962இல் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஆயுட் காப்புறுதியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1980களின் பிற்பகுதியில் தனியாருக்கும் வழி திறந்தது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம், நீண்டகாலக் காப்புறுதி நடத்தும் கம்பனி தன் பொறுப்புகளைக் கணிப்பாளரைக்கொண்டு மதிப்பிடுவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. 2016 முதல், ஏற்கும் ஆபத்தின் அளவுக்கேற்ப மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற முறை நடைமுறையில் உள்ளது. இவ்வளவும் கணிப்பாளரின் வேலை. ஆனால் முழுத் தகுதி பெற்றோரை உருவாக்கும் பரீட்சை இன்றும் நம் நாட்டில் இல்லை. நம் பிள்ளைகள் இலண்டன் நிறுவகத்தின் பரீட்சையையோ அமெரிக்கச் சங்கத்தின் பரீட்சையையோதான் எழுதுகின்றனர்.

அம்மாணவனுக்காக அப்பரீட்சையின் அமைப்பையும் தேடி அறிந்தேன். இலண்டன் நிறுவகம் 2019இல் வகுத்த பாடத்திட்டத்தின்படி முழு உறுப்பினராக 13 வினாத்தாள்கள். முதலிற் புள்ளிவிபரவியல், ஆயுள் நிகழ்தகவு, வட்டிக் கணிதம், பொருளியல், நிதிக் கணக்கு. அடுத்து அவற்றை நடைமுறையிற் பொருத்தும் தாள்கள். இறுதியில் ஆயுட் காப்புறுதி, ஓய்வூதியம், சுகாதாரம் போன்ற துறைகளுள் விரும்பியதில் ஆழ்ந்த தேர்வு. வேலை செய்துகொண்டே படிப்பது வழக்கம். குறித்த காலம் தொழில் அநுபவமும் காட்டவேண்டும். ஆறு ஏழு ஆண்டு செல்வது வியப்பன்று. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்திற் பரீட்சை கணினி வழிக்கு மாறியது. கட்டணம் பவுணிற் செலுத்த வேண்டும் என்பதுதான் நம்மவர்க்குப் பெரிய மலை; 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்பு அது எவ்வளவு உயர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. குறைந்த வருமானமுடையோர்க்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

அத்தாள்களுள் ஒன்று என் மனத்தைக் கவர்ந்தது. கணிதம் அறியாத ஒருவருக்கு ஒரு கணிப்பின் முடிவை எளிய மொழியில் எழுதி விளக்க வேண்டும். அதற்கெனத் தனித் தேர்வு. பன்னிரண்டு தாளில் வல்லவராயினும் இதிற் தவறினால் உறுப்புரிமை இல்லை. "சேர், இது உங்கள் பாடமல்லவா?" என்று அவன் சிரித்தான். ஆம் என்றேன். அன்று அந்த முற்றத்தில் அந்த அம்மாளுக்கு நான் விளக்க முடியாமற் போனதும் அதுவே.

எங்கள் ஊரிலே ஒரு மரண உதவிச் சங்கம் இன்றும் நடக்கிறது. அவன் அதன் காரியதரிசியிடம் கேட்டு, பழைய பதிவேடுகளை வாங்கி வந்தான். ஹாலி செய்ததைப் போல் ஓர் அட்டவணை செய்து பார்க்க அவனுக்கு ஆசை. இரண்டு நாள் கழித்து ஏடுகளை என் மேசையில் வைத்தான். உறுப்பினரின் பெயர் இருந்தது. இறந்த திகதி இருந்தது. கொடுத்த தொகையும் பெற்றவரின் கையொப்பமும் இருந்தன. ஒருவருடைய வயதேனும் எழுதப்பட்டிருக்கவில்லை. இப்போது காரியதரிசி புதிய ஏட்டில் வயதுக்கென்று ஒரு நிரல் கோடிட்டிருக்கிறார். பழைய பெயர்களுக்கு உரிய வயதை விசாரித்து எழுதுவதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று வருகிறான்.